வளைவதற்கென்று செய்த கை

நான் வண்டிகளுக்கு முன்பக்கம் டிசைன் போடுகிறவள். இதைச் சொன்னால் கள்ளக்குறிச்சியில் முக்கால்வாசிப் பேர் ஜாக்கெட் டிசைனா, மருதாணி டிசைனா என்று கேட்பார்கள். மீதிப் பேர் என் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் "ஆமாங்க, ஜாக்கெட்தான். உங்களுக்கு ஒண்ணு தைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

ஓசூரில் ஒரு வண்டிப் பாகக் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தேன். ஒரு போல்ட்டைக் கால் மில்லிமீட்டர் நகர்த்த வேண்டுமென்றால் ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பத்தாவது ஆளிடம் கையெழுத்து கேட்கச் சொன்ன அன்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். சங்கராபுரம் சாலையில் அப்பாவுக்குப் பட்டறை இருக்கிறது. கரும்பு ஏற்றும் டிரெய்லர் செய்கிறார். அதில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டிரெய்லர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எது விரிசல் விட்டாலும் அதன் மேல் ஓர் இரும்புப் பட்டையை வைத்து வெல்டிங் அடிப்பது. மறுபடி விட்டால் இன்னொரு பட்டை. வாங்க வருகிற விவசாயியும் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சட்டத்தைச் செருப்புக் காலால் ஒரு உதை உதைத்து, "கனமா கீது" என்று சொன்னால்தான் வியாபாரம் படியும். அப்பாவுக்குக் கனம் என்பதுதான் தரம். என் மடிக்கணினியில் இருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இன்னா வெயிட்டு வரும்?" என்பார். கம்மியாக வரும் என்று சொன்னால் முகம் சுண்டிப் போகும்.

அந்தப் பட்டறைக்குப் பொங்கல் கழிந்து ஒரு நாள் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கால் முட்டிக்கு மேலேயே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி சரிந்ததில் போய்விட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி, அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு, நேராக அப்பாவிடம் போய், "எனக்கு ஒரு வண்டி வேணும். ரோடே இல்லாத எடத்துல போவணும்" என்றார்.

"ரோடு இல்லாத எடத்துக்கு டிராக்டர் வாங்கிக்கோப்பா" என்றார் அப்பா.

"டிராக்டர் போவாது. பாத அவ்ளோதான் அகலம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்."

நான் மூலையிலிருந்து எழுந்து வந்து, "எங்க போவணும்ணா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் கீழே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய நிலம் தார்ச்சாலையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் மேலே, ஓர் ஓடையைத் தாண்டி இருந்தது. ஆடி மாதம் அதில் சாமை விதைப்பார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் கையால் விதை விழுகிறதோ வெள்ளாமை அவருக்கு. கால் போன முதல் வருஷம் தம்பி இவரை முதுகில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "பாதி வழியில என்ன ஒரு கல்லு மேல எறக்கி வெச்சிட்டு, அவன் பீடி புடிச்சிக்கினு நின்னாம்மா. நான் மூட்ட மாதிரி குந்திக்கினு இருந்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே எவன் முதுகுலயும் ஏற மாட்டேன்னு." அந்த வருஷம் பாதி வழியிலிருந்தே திரும்பிவிட்டார். தம்பி விதைத்தார். அடுத்த வருஷமும் தம்பியே விதைத்தார். மூன்றாவது வருஷமும் அவர் கையால் விழுந்துவிட்டால் நிலமே தம்பியுடையது என்று ஊர் பேசிவிடும். "போவ முடியாதவனுக்கு நெலம் எதுக்குன்னு இப்பவே கேக்கறான். ஆடிக்குள்ள நான் போவணும். நானா போவணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "செஞ்சு தரேன்ணா" என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னை முறைத்தார். நான் அவரைத் திருப்பி முறைத்தேன்.

மற்ற டிசைன்கள் எல்லாம் கணினியில் தொடங்கும். இது அந்தப் பாதையில் தொடங்கியது. டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு இரண்டரை கிலோமீட்டரையும் நடந்து, வழியில் இருக்கும் ஒவ்வொரு கல்லையும் அளந்தேன். இந்தக் கல் முழங்கால் உயரம், இந்தத் திருப்பத்தில் பாதை இவ்வளவு சாய்வு, ஓடைக் கரையில் ஏற்றம் இவ்வளவு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "இன்னாம்மா, ரோடு வரப் போவுதா?" என்று ஆசையாகக் கேட்டாள். இல்லை, வண்டி வரப் போகிறது என்றேன். "போடி இவளே" என்று விட்டாள்.

ஒரு பழைய சின்னக் காரின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் குழாய்ச் சட்டத்தின் பின்பக்கம் உட்கார வைப்பது அப்பாவின் வேலை. கிளட்சை இடது கைக்கு மாற்றியதும் அவர்தான், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. முன்பக்கம் முழுக்க என்னுடையது. ஸ்டீயரிங், குலுக்கலைத் தாங்கும் ஷாக், சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும் முக்கோணக் குழாய்கள். அந்த முக்கோணத்தை நாங்கள் கை என்போம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேல் கை ஒன்று, கீழ்க் கை ஒன்று.

கிளட்ச் பிடிக்கும்போது ஸ்டீயரிங்கில் ஓட்டுகிறவருக்கு ஒரு கைதான் மிஞ்சும். கல்லில் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பி ஸ்டீயரிங்கைச் சுண்டினால் கட்டை விரல் போய்விடும். அதனால் ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி எந்த இடத்தில், எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்பதற்கே மூன்று வாரம் ஆனது. கணினி ஒன்று சொன்னது. எனக்கு நம்பிக்கை வராமல் அட்டையை வெட்டி, ஆணி குத்தி, பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, அட்டைச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். கணினி சொன்னதுதான் சரி. இருந்தாலும் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இனி முக்கியமான விஷயம். அந்தப் பாதையில் எந்த வண்டி ஓடினாலும் என்றைக்காவது ஒரு நாள் கல்லில் மோதும். மோதினால் ஏதாவது ஒன்று கெட்டுத்தான் தீரும். எது கெட வேண்டும் என்று மோதுகிற கல் முடிவு செய்யக் கூடாது, நான் முடிவு செய்ய வேண்டும். கீழ்க் கை வளையட்டும் என்று முடிவு செய்தேன். அது மெல்லிய குழாய். சட்டமும் அதில் கையைப் பிடிக்கும் கொக்கியும் அதைவிடப் பலமாக இருக்கும். கை வளைந்தால் நான்கு போல்ட்டைக் கழற்றி வேறு கையை மாட்டிக்கொண்டு போகலாம். நான்கும் ஒரே அளவு, ஒரே ஸ்பானர் போதும். இடதுக்கும் வலதுக்கும் ஒரே கை. வண்டியின் பக்கவாட்டில் மாற்றுக் கை ஒன்றைக் கட்டி வைத்தேன். வண்டி கேட்டவரைப் பட்டறைக்கு வரச் சொல்லி, தரையில் உட்கார்ந்தபடியே கழற்றி மாட்டப் பழக்கினேன். மூன்றாவது தடவையே என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கீழ்க் கையைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னா, வண்டிக்குக் கையா, சைக்கிள் பாரா? ஒரு பட்ட அடிச்சிடலாம்" என்றார்.

"வேணாம்பா."

"ஒடிஞ்சா?"

"ஒடியாது, வளையும். வளையணும்னுதான் வெச்சிருக்கேன்."

"கெட்டுப் போவணும்னு எவனாச்சும் பொருள் செய்வானா? கரும்பு டிரெய்லர் எத்தினி செஞ்சிருக்கேன், ஒண்ணு வளைஞ்சிருக்குமா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த ரகம் என் அப்பா. நானும் அவர் பெண்தானே. பேச்சை அதோடு நிறுத்திவிட்டேன். முழுசாகப் பேசி முடிக்காதது என் தப்பு.

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் கோயிலுக்குப் பூசைக்குப் போய்விட்டு, அப்படியே நைனார்பாளையத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய் சாயங்காலம்தான் திரும்பினோம். பட்டறையில் வண்டி கறுப்புப் பெயின்டில் பளபளவென்று நின்றது. அப்பா அடித்திருக்கிறார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒரு நாளும் என் வேலையை ஒத்துக்கொள்ளாத மனுஷன், நான் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பெயின்ட் அடித்திருக்கிறாரே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்து அடியில் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் லோடு வண்டியில் ஏற்றி, மலைக்குக் கொண்டுபோய்விட்டோம்.

பாதை தொடங்கும் இடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். தம்பியும் வந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு மரத்தில் சாய்ந்து நின்று பார்த்தார். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்து சீட்டில். வண்டி கிளம்பியது. முழங்கால் உயரக் கற்களில் எல்லாம் பூனை மாதிரி ஏறி இறங்கியது. ஸ்டீயரிங் அசையவில்லை. அவர் சத்தமாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஓடைக்கரை ஏற்றத்தில் இடது முன் சக்கரம் ஒரு பாறையில் நேராக மோதியது. டமார் என்று ஒரு சத்தம். சக்கரம் அப்படியே வண்டிக்கு அடியில் மடிந்தது. வண்டி மூக்கைக் குத்தி நின்றது.

இரண்டு பேருக்கும் அடியில்லை. இறங்கி, மல்லாந்து படுத்து, அடியில் நுழைந்து பார்த்தேன். கை வளையவே இல்லை. சட்டத்திலிருந்து கொக்கி, பிடித்திருந்த இரும்போடு பிய்ந்து வந்திருந்தது. கையின் அடிப்பக்கம் நெடுக, கறுப்புப் பெயின்டுக்கு உள்ளே, ஒரு பட்டை. அழகான வெல்டிங். அந்தக் கையெழுத்தை நான் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். அடப் பாவி மனுஷா, பெயின்ட் அடித்தது இதற்காகவா!

பின்னாலேயே நடந்து வந்த தம்பி இப்போதுதான் வாயைத் திறந்தார். "பொம்பள செஞ்ச வண்டி. வேற எப்புடி இருக்கும்? ண்ணா, சும்மா குந்திக்கினு இரு. ஆடிப் பதினெட்டுக்கு நானே போய் வெதைச்சிக்கிறேன்."

என் அப்பாதான் பட்டை அடித்தார் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் அங்கே இல்லை. இல்லாத மனுஷனை இந்த ஆள் முன்னால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. தம்பியைப் பார்த்து, "பதினெட்டு இன்னும் வரலீங்களே. அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று மட்டும் கேட்டேன். அப்புறம் அண்ணனிடம் தனியாக நடந்ததைச் சொன்னேன். "அடியில பாக்காம கொண்டாந்தது என் தப்புண்ணா. எட்டு நாள் குடுங்க."

அவர் பிய்ந்த கொக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு நாளு ஜாஸ்தி. சீக்கிரம் கொண்டா" என்றார்.

பட்டறைக்கு வந்து இறங்கியதும் ஆட ஆரம்பித்தேன். "இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க?"

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. "கை ஒடிஞ்சிதா?"

"இல்ல."

"பாத்தியா? பட்ட இருந்ததால கை ஒடியல."

"சட்டமே கிழிஞ்சிட்டுதுப்பா! நாலு போல்ட்டோட போவ வேண்டியது, இப்ப வண்டியையே எறக்கிக்கினு வந்து நிக்கறேன். உன் டிரெய்லர் ஒடிஞ்சா இன்னொரு டிராக்டர் வந்து இழுத்துக்கினு போவும். அந்த மனுஷன் எங்க போவாரு? தம்பி முதுகுல ஏறுவாரா?"

"ஒடிஞ்சா கடை பேருதானே கெடும்" என்றார் அப்பா.

"அப்ப கடை பேரு வேணாம்." சட்டத்தில் அவர் பெயின்டில் எழுதியிருந்த பட்டறைப் பெயரைக் கிரைண்டர் வைத்து அவர் கண் முன்னாலேயே தேய்த்தெடுத்தேன். அதோடு நிறுத்தாமல் அவர் பட்டை அடித்திருந்த கீழ்க் கைகளை, மாற்றுக் கை உட்பட எல்லாவற்றையும் எடுத்து மூலையில் எறிந்தேன். பட்டையைப் பிய்த்தாலும் சூடு பட்ட குழாயை நம்ப முடியாது. கிழிந்த சட்டத்தைச் சரிசெய்து புதுக் கொக்கி வைத்தேன். புதுக் குழாய் வாங்கி வந்து, எல்லாக் கைகளையும் நானே வளைத்து, நானே வெல்டிங் அடித்தேன். என் வெல்டிங் அப்பாவுடையதைப் போல அழகு கிடையாது. இல்லாவிட்டால் என்ன? ஆறு நாளும் அப்பாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அம்மா, "அப்பன் சாப்பிட வரச் சொல்றாரு", "பொண்ணு அப்புறம் வருதாம்" என்று தூது போய்க்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் காலையில் லோடு வண்டி கிளம்பும்போது அப்பா முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். பின்னால் பார்த்தால் வெல்டிங் மெஷின் ஏற்றியிருக்கிறது, கூடவே நாலு பட்டை. மலைப் பாதையில் கரன்ட் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேசினதாக ஆகிவிடும்.

இந்தத் தடவை நான் ஏறவில்லை. "நீங்க மட்டும் போங்கண்ணா" என்றேன். அவர் விதைச் சாமையை ஒரு பையில் கட்டிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டார். நானும் அப்பாவும் பின்னால் நடந்தோம். தம்பியும் இன்னும் சிலரும் வந்தார்கள். அதே ஓடைக்கரை ஏற்றத்தில் அதே பாறையை அண்ணன் ஒதுக்கித் தாண்டினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த திருப்பத்தில் வலது சக்கரம் ஒரு கல்லில் போய் மோதியது. சக்கரம் பின்னால் சாய்ந்தது. வண்டி நின்றது.

"ஒடிஞ்சிட்டுது பாத்தியா!" என்றார் அப்பா. ஆறு நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"வளைஞ்சிதுப்பா" என்றேன். ஒருவேளை சட்டமும் போயிருந்தால்?

அண்ணன் கட்டையை ஊன்றி இறங்கினார். தரையில் உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தார். தம்பி, "ண்ணா, எழுந்திரு, தூக்கிக்கினு போறேன்" என்று குனிந்தார். இவர் தலையைத் தூக்கவே இல்லை. ஸ்பானரை எடுத்தார். ஜாக்கியை வைத்து ஏற்றினார். முதல் போல்ட். இரண்டாவது. மூன்றாவது அடம் பிடித்தது. நான் ஓர் அடி முன்னால் போனேன். "யாரும் கிட்ட வராதீங்க" என்றார். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அதுவும் வந்தது, நான்காவதும் வந்தது. வளைந்த கையை உருவி எங்கள் பக்கம் வீசினார். கட்டியிருந்த கையை அவிழ்த்து மாட்டினார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகியிருக்கும்.

எழுந்து, ஏறி, ஸ்டார்ட் பண்ணி, போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணா! நாங்க கீறோம்!" என்று கத்தினேன். வண்டி மேட்டில் ஏறி மறைந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவ்வளவு செய்தவளை நடு மலையில் விட்டுவிட்டுப் போகிறாரே என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா வளைந்த கையைக் கீழிருந்து எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, வெல்டிங் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தையல் கோணலா கீது. ஆனா விரிசல் வுடல" என்றார்.

மிச்ச தூரத்தை நடந்து ஏறினோம். நிலத்துக்குப் போனபோது வண்டி உழவின் மேல் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தது. கூலிக்கு வந்திருந்த ஏர்க்காரர்கள் விதையை மூடுவதற்கு மாடுகளோடு பின்னால் நின்றார்கள். அவர் இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பையிலிருந்து அள்ளி அள்ளி வீசினார். எங்களுக்கு முன்னாலேயே ஓடி வந்து சேர்ந்திருந்த தம்பி, நிலத்துக்கு நடுவில் போய் வண்டியின் குறுக்கே நின்றுகொண்டிருந்தார். வண்டி நிற்கவில்லை. அடுத்த பிடி விதை தம்பியின் சட்டையில் பட்டுச் சிதறியது.

"ஓரமா நில்லுடா" என்றார் அண்ணன். "வெதைக்கறது கண்ணுக்குத் தெரியல?"

தம்பி சட்டையை உதறிவிட்டு வரப்பில் ஏறி நின்றார்.